ஆறாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரவேண்டியதை விடாமல் வாங்குவது எப்படி

எங்கள் தெருவில் ஒரு அம்மா, மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு வந்து நின்றார். நல்ல மதிப்பெண். பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பதிய வேண்டும், எப்படி என்று கேட்டார். தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் பக்கத்து ஊர் தனியார் பள்ளி. "ரெண்டு வருசம்தானேண்ணே, வாசலுக்கே வேன் வந்துச்சுன்னு சேர்த்தோம், பீஸ் கட்ட முடியல, திரும்ப கவர்மெண்ட் ஸ்கூலுக்கே வந்துட்டோம்" என்றார். அந்த இரண்டு வருசத்தால் 7.5 போயிற்று, கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதாமாதம் அரசு தரும் புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயும் போயிற்று. ஆறாவது முடித்த நேரத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் அவர் வேனைப் பார்த்திருக்க மாட்டார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடந்த ஐந்தாறு வருடங்களில் வந்த வாய்ப்புகள் நிறைய. நம் பிள்ளைகள் அவற்றை இழப்பது மதிப்பெண் குறைவதால் இல்லை. பெரும்பாலும் ஒரு சான்றிதழ், ஒரு தேதி, ஆதாரில் ஒரு எழுத்து, இவற்றால்தான் இழக்கிறார்கள். வகுப்பு வாரியாக என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், உங்கள் பிள்ளை இப்போது எந்த வகுப்போ அங்கிருந்து படியுங்கள். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் படித்துவிடுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை

7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்து அரசு மருத்துவக் கல்லூரிக்குள் போவது மிகவும் அரிதாகிவிட்ட நேரத்தில் வந்த சட்டம் அது. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து 405 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஒதுங்கின. அடுத்து 2021ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதே 7.5 வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும் என்று அந்த ஆண்டே அறிவித்தார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 25 சதவீத இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளும் தகுதியானவர்கள். ஆனால் காசு கட்டிப் படித்த வருடங்களுக்கு இந்த விலக்கு கிடையாது.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி, இவை எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். உதவி பெறும் பள்ளி 7.5க்குள் வராது. ஊரில் நல்ல பெயர் எடுத்த உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றன, அதில் சேர்ப்பது தவறு என்று சொல்லவில்லை, ஆனால் தெரிந்து சேருங்கள். மாதம் ஆயிரம் ரூபாய் திட்டங்களைப் பொறுத்தவரை நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது அது உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்தாவது முடித்துப் பள்ளி மாற்றும்போது, அல்லது குடும்பம் ஊர் மாறும்போது, இந்த ஏழு வருடக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். வேலைக்காகத் திருப்பூர் போகிறீர்கள், சென்னை போகிறீர்கள் என்றால் அங்கேயும் பக்கத்தில் அரசுப் பள்ளி இருக்கும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு இருக்கும் எண் அது. பிள்ளை எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தது என்கிற வரலாறு முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கிறது. புதிய பள்ளியில் புதிதாக ஒரு எண் போட்டுவிட்டார்கள் என்றால் பழைய வருடங்கள் தொங்கிப்போகும், பிறகு கல்லூரியில் சேரும் நேரத்தில் ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

பெயர், இனிஷியல், வங்கிக் கணக்கு

இது சலிப்பான வேலைதான், ஆனால் பணம் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் முழுப்பெயரே இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது முத்துலட்சுமிக்கு ஒரு எழுத்து கூடும், குறையும். நம் கண்ணுக்கு மூன்றும் ஒரே பிள்ளைதான். கணினிக்கு மூன்று ஆள்.

பிள்ளை எட்டாவதில் இருக்கும்போதே பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் ஒரு மேஜையில் வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்குள் சரி செய்துவிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் அதைத் திருத்த அலைவது பெரும்பாடு. பள்ளியில் பெயர்ப் பட்டியலைக் காட்டிப் பெற்றோரிடம் கையெழுத்துக் கேட்பார்கள், அன்றைக்கு வேலைக்கு விடுப்புப் போட்டாவது போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இணைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் ஆதார் வழியாக இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று பதிவாகியிருப்பது வேறு. கிளையில் போய் "அரசு உதவித்தொகை நேரடியாக வருகிற மாதிரி ஆதார் சீடிங் ஆகியிருக்கா" என்று கேளுங்கள். வருடக்கணக்கில் பணம் போடாமல், எடுக்காமல் கிடக்கும் கணக்கு முடங்கிவிடும், அவ்வப்போது ஐம்பது நூறு போட்டு எடுத்து உயிரோடு வைத்திருங்கள்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வரும். அரசு மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய்தான் கட்டணம், முந்நூறு நானூறு கொடுத்து வாங்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று தாள் நகர நாளாகும், அதனால் கடைசித் தேதி தெரிந்த பிறகு ஓடாதீர்கள். வீட்டில் யாருமே பட்டம் படித்ததில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழையும் பன்னிரண்டாவது படிக்கும்போதே வாங்கி வையுங்கள்.

எட்டாவதில் வரும் பெரிய வாய்ப்பு

என்.எம்.எம்.எஸ். தேர்வு, தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு என்று பெயர். எட்டாவது படிக்கும்போது எழுத வேண்டும். தேறிவிட்டால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி இரண்டிலும் எழுதலாம். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஏழாவதில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும்.

இரண்டு தாள், ஒவ்வொன்றும் 90 கேள்வி, 90 நிமிடம். ஒன்று மனத்திறன், இன்னொன்று பாடத்திலிருந்து. பாடத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. நான் பார்த்த வரை நம் பிள்ளைகள் பாடத் தாளில் தேறிவிடுகிறார்கள், மனத்திறனில்தான் விழுகிறார்கள். எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், குறியீட்டு மொழி, இரத்த உறவு, இப்படி வகுப்பில் தனியாக நடத்தாத விஷயங்கள் அதில் வரும். அதற்குப் பயிற்சி நிலையம் எல்லாம் வேண்டியதில்லை. பழைய கேள்வித்தாள்கள் கிடைக்கின்றன. எட்டாவது தொடங்கும் ஜூனிலிருந்து வாரத்துக்கு இரண்டு மாலை, அரை அரை மணி நேரம் உட்கார்ந்து போட்டால் டிசம்பருக்குள் பிள்ளைக்குக் கை வந்துவிடும். எங்கள் தெருவில் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரு திண்ணையில் உட்கார வைத்தோம். ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக்கொண்டு படித்ததைப் பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான், கட்டணம் 50 ரூபாய். அறிவிப்பு வந்ததும் தலைமை ஆசிரியரிடம் உங்கள் பிள்ளை பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். சில பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் நாலு பேரை மட்டும் அனுப்பும் பழக்கம் இருக்கிறது. தகுதி இருக்கிற எந்தப் பிள்ளையும் எழுதலாம், தயங்காமல் கேளுங்கள்.

தேறிய பிறகு ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுத்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பத்தாவதில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் தொடரும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு ஐந்து சதவீதம் தளர்வு.

ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்று இருக்கிறது, டிரஸ்ட் தேர்வு என்பார்கள். கிராமப்புறப் பள்ளிகளுக்கு மட்டும். மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள், வருடத்துக்கு ஆயிரம் ரூபாய். தொகை சிறியதுதான், நாலு நோட்டும் ஒரு செருப்பும் வாங்கலாம். ஆனாலும் பிள்ளைக்குப் போட்டித் தேர்வு எழுதிப் பழக்கம் வரும், எழுத வையுங்கள். அதே ஒன்பதாவதில்தான் மாதிரிப் பள்ளி வாய்ப்பும் வரும். எல்லா 38 மாவட்டங்களிலும் தங்கிப் படிக்கும் அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. மாதிரி இடங்களுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் போகத் தொடங்கியதில் இந்தப் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெண் பிள்ளையை விடுதிக்கு அனுப்பப் பயந்து மறுத்த வீடுகளை எனக்குத் தெரியும். போய் ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள், பார்க்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பதினொன்றாவது: தேர்வு இல்லை, ஆனால்

2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி தமிழ்நாடு தன் சொந்தக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. நீதியரசர் முருகேசன் தலைமையிலான குழு தந்த அறிக்கையை ஒட்டி வந்தது. அதில் நம் வீடுகளை உடனே தொட்ட செய்தி, 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது என்பது. 2017-18ல் வந்த தேர்வு அது. மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்கிற பாரம் பிள்ளைகள் தலையிலிருந்து இறங்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் ஒரு கவலையும் இருக்கிறது. அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்கே காரணம், நிறையப் பள்ளிகள் பதினொன்றாவது பாடத்தை நடத்தாமல் நேராகப் பன்னிரண்டாவது புத்தகத்தை எடுத்ததுதான். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் கிட்டத்தட்டப் பாதிக் கேள்விகள் பதினொன்றாவது பாடத்தில் இருந்துதான் வருகின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளை அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டால் 7.5 இருந்தும் பயனில்லை, அந்த ஒதுக்கீட்டிலும் நீட் மதிப்பெண் தான் கணக்கு. பெற்றோர் கூட்டத்தில் "பதினொன்றாவது பாடம் முழுசா முடிச்சாச்சா" என்று கேளுங்கள், கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பதினொன்றாவதில் இரண்டு திறனறித் தேர்வுகள். ஒன்று தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்துதான் கேள்விகள், 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 1,500 ரூபாய் இரண்டு வருடம் கொடுக்கிறார்கள். எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம், ஆனால் பாதி இடம் அரசுப் பள்ளிக்கு. அப்படியென்றால் பத்தாவது தமிழ்ப் புத்தகத்தைத் தேர்வு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்! இன்னொன்று முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, அரசுப் பள்ளிக்கு மட்டும். 500 மாணவர், 500 மாணவியர். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். தேறினால் வருடத்துக்கு 10,000 ரூபாய், இளநிலைப் பட்டம் முடிக்கும் வரைக்கும். இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள், பதினொன்றாவதில் எழுதிய ஒரு தேர்வு கல்லூரிக் கடைசி வருடம் வரை கூட வருகிறது. ஆனால் இந்த இரண்டு தேர்வுகளின் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறுகிறது, அதனால் பள்ளி திறந்த ஜூனிலிருந்தே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தை மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

பன்னிரண்டு முடித்த பிறகு

கலந்தாய்வுக்குப் பதியும்போது 7.5 சதவீதம் என்கிற கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். கேட்டால் சிரிக்கலாம், ஆனால் பிரவுசிங் சென்டரில் அவசரமாகப் பதிந்து இந்தக் கட்டத்தை விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழில் தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஆறு முதல் எட்டு வரை வேறு பள்ளி என்றால் அங்கேயும் வாங்க வேண்டும். அதை மே மாதமே வாங்கிவிடுங்கள்.

7.5ல் இடம் கிடைத்துக் கல்லூரிக்குப் போன பிறகு சில இடங்களில் வேறு பெயர்களில் பணம் கேட்கிறார்கள். எங்கள் தெருப் பையனிடம் ஒரு கல்லூரியில் வளர்ச்சி நிதி என்று கேட்டார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று அவன் அப்பா பணிவாகச் சொன்னார், அதோடு அந்தப் பேச்சு நின்றது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

மாதம் ஆயிரம் ரூபாய் விஷயம். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பர் 5ல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9ல் கோயம்புத்தூரில் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும். பட்டப்படிப்பு மட்டும் இல்லை, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தாலும் உண்டு. அஞ்சல் வழிப் படிப்புக்குக் கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாக, ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரைத் தேடிப் பிடியுங்கள். முதல் மாதங்களில் பணம் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் அந்த ஆதார் இணைப்புதான், வங்கிக்குப் போங்கள்.

யாருமே சொல்லாத ஒன்று

இதை எழுதக் கை கனக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்துவிட்டால், அல்லது நிரந்தரமாக முடங்கிவிட்டால், அந்தப் பிள்ளைக்கு 75,000 ரூபாய் அரசு உதவி உண்டு, பிள்ளை பெயரில் வைப்புத் தொகையாக. துக்க வீட்டில் யார் போய் இதைப் பேசுவது என்று எல்லோரும் ஒதுங்கிவிடுகிறார்கள். நீங்கள் போங்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இவற்றின் நகல்களைச் சேர்த்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுக்க உதவுங்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக் கரங்கள் திட்டமும் 2025 செப்டம்பர் 15ல் தொடங்கியது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் வழி சொல்வார்கள். தாத்தா பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவாவது ஒரு முறை விசாரியுங்கள்.

சரி, இவ்வளவையும் ஒரு ஆள் நினைவில் வைத்திருக்க முடியாது. அதற்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது எந்தத் தேர்வுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குப் பணம் வந்தது, யாருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுத் தீர்மானப் பதிவேட்டில் எழுத வையுங்கள். பள்ளியில் பதில் கிடைக்கவில்லை என்றால் 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், கூப்பிடும்போது பிள்ளையின் எமிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.